காலையில் நொண்டுகிறாள், மாலையில் ஓடுகிறாள்: சிறார் மூட்டுவாதம் உள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்வது பற்றி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது மகள். வலது முழங்காலும் இடது கணுக்காலும் வீங்கி, சிறார் மூட்டுவாதம் என்று முடிவாகியிருக்கிறது. முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், சில மாதங்களில் வீக்கம் திரும்பிவிட்டது. இப்போது வாரம் ஒரு முறை, நோயெதிர்ப்பைத் தணித்து வீக்கத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. காலையில் காலை ஊன்ற மாட்டேன் என்று அழுகிறாள், மாலையில் மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறாள். வீட்டில் சிலர் ‘நடிக்கிறாள்’ என்கிறார்கள், சிலர் ‘அசையவே விடாதே’ என்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்குள் எனக்குத் தெரிவது இரண்டு கேள்விகள்: அவள் சொல்வதை எவ்வளவு நம்புவது, அவளை எவ்வளவு தடுத்து வைப்பது.

நான் இயன்முறை சிகிச்சையாளர், அதாவது பிசியோதெரபிஸ்ட். குழந்தைகளுக்கான மூட்டுநோய்ப் பிரிவில் மருத்துவர்களோடு சேர்ந்து பல வருடங்களாக வேலை செய்கிறேன். மூட்டு, தசை, நடை, வீட்டுப் பழக்கம் பற்றியெல்லாம் தைரியமாகச் சொல்வேன். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது பற்றி வாய் திறக்க மாட்டேன், அது உங்கள் மருத்துவரின் வேலை. உங்கள் குழந்தையை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நம்புங்கள். அவள் நடிக்கவில்லை. காலையில் விறைத்துப்போய், நேரம் ஆக ஆக இளகுவது இந்த நோயின் அடையாளம். அழற்சி உள்ள மூட்டு அசையாமல் கிடக்கும்போது விறைக்கிறது, அசைய அசைய விட்டுக்கொடுக்கிறது. இரவு முழுக்க அசையாமல் கிடந்த முழங்கால் காலையில் நீள மறுப்பதும், மாலையில் அதே முழங்கால் ஓடுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. மதியத் தூக்கத்துக்குப் பிறகும், காரில் நீண்ட நேரம் உட்கார்ந்த பிறகும் இதே விறைப்பு கொஞ்சம் தலைகாட்டும், கவனித்துப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணியாக இருக்கும். அதற்குள் குழந்தை நன்றாக நடக்க ஆரம்பித்திருக்கும், நீங்கள் சொல்வது மிகைபோலத் தோன்றும். அதனால் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் நிமிடத்தை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எழுந்ததிலிருந்து சரளமாக நடப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்த ஒரு எண் பத்து நிமிட விளக்கத்தைவிட மருத்துவருக்கு உதவும். மருந்து வேலை செய்கிறதா என்பதும் இதில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும்.

ஆனால் நம்புவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவள் ‘வலிக்கவில்லை’ என்று சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதுக் குழந்தைகள் வலியை வாயால் சொல்வது குறைவு, உடம்பால்தான் சொல்வார்கள். மாடிப்படியில் எப்போதும் ஒரே காலை முதலில் வைப்பது, தரையில் உட்காரத் தயங்குவது, தூக்கிக்கொள்ளச் சொல்வது, முன்பு விரும்பிய விளையாட்டில் ஓரமாக நின்று பார்ப்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாமே அந்தக் கணக்குதான். வலியே இல்லாமல் மூட்டு வீங்கியிருப்பதும் சகஜம். இரத்தப் பரிசோதனையும் எப்போதும் கைகொடுக்காது. இரண்டு மூன்று மூட்டுகளில் மட்டும் நோய் இருக்கும் குழந்தைக்கு, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு சாதாரணமாகவே இருக்கலாம். பெரியவர்களின் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் பெரும்பாலான குழந்தைகளுக்கு நெகட்டிவ்தான். சிறார் மூட்டுவாதம் என்பதை முடிவுசெய்வதே வரலாற்றையும் கை வைத்துப் பார்ப்பதையும் வைத்துத்தான்: 16 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இந்தப் பெயர். முதல் 6 மாதத்தில் நான்கு மூட்டுகளுக்குள் என்றால் ஒரு வகை, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இன்னொரு வகை, தினசரிக் காய்ச்சலும் தடிப்புமாக வருவது வேறொரு வகை. உங்கள் மகளுக்கு எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண் பரிசோதனை முதல் மருந்துவரை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நான் அதிகம் கவலைப்படுவது அங்கேதான். இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம், யுவியைட்டிஸ் என்பார்கள். சின்ன வயதில் நோய் தொடங்கியவர்கள், குறைந்த மூட்டுகளில் நோய் உள்ளவர்கள், இரத்தத்தில் ஏ.என்.ஏ. (உடம்பின் சொந்த செல்களுக்கு எதிரான ஒருவகை எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் ஆனவர்கள் ஆகியோருக்கு இதன் வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் முதல் இரண்டிலும் வருகிறாள். இந்த வகை அழற்சியில் கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. குழந்தை பார்வை மங்குகிறது என்று சொல்வதற்குள் கண்புரை, கண் அழுத்தம், கருவிழியில் சுண்ணாம்புப் படிவு என்று சேதம் நடந்து முடிந்திருக்கலாம். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்த்தால் மட்டுமே ஆரம்பத்தில் பிடிக்க முடியும். கண்ணாடிக்கடைப் பரிசோதனையும், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதும் இதற்கு ஈடாகாது. அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் சில வருடங்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. மூட்டு சரியாகிவிட்டாலும் கண்ணைப் பார்ப்பதை நிறுத்தக்கூடாது, மூட்டும் கண்ணும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. மருந்தைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் கூடுதல் கவனம் வேண்டும், அப்போது கண்ணில் அழற்சி திரும்ப வரலாம். ஏ.என்.ஏ. பற்றி ஒரு சின்னக் குறிப்பு: ஆரோக்கியமான பல குழந்தைகளுக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது, கண்ணை எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்று தீர்மானிக்க உதவும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அசையவே விடாதே என்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டால் கெடுதல். இது என் தொழில், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீங்கிய முழங்காலைக் குழந்தை கொஞ்சம் மடக்கியே வைத்திருக்கும், ஏனென்றால் அந்த நிலையில்தான் மூட்டுக்குள் சேர்ந்த நீருக்கு இடம் அதிகம், வலி குறைவு. அப்படியே வாரக்கணக்கில் விட்டால் பின்பக்கத் தசைநார்கள் சுருங்கி, கால் முழுக்க நீளாமல் போய்விடும். தொடையின் முன்பக்கத் தசையும் வேகமாக மெலியும். இரண்டு தொடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நோயுள்ள பக்கம் இப்போதே கொஞ்சம் மெலிந்திருக்கலாம். தசை மெலிந்தால் மூட்டுக்கு ஆதரவு போகும், நடை கெடும், அப்புறம் நடக்கவே விருப்பம் குறையும். உடற்பயிற்சி இந்த நோயைக் கிளப்பிவிடாது என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். நன்றாக வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் குதிப்பது, உயரத்திலிருந்து தாவுவது போன்றவற்றைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் எப்போது போதும் என்று அவளே முடிவு செய்யட்டும். மூட்டுக்குள் ஊசி போட்ட பிறகு மட்டும் ஓரிரு நாள் ஓய்வு சொல்வார்கள், அதைக் கடைப்பிடியுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். படுக்கையிலேயே முழங்காலையும் கணுக்காலையும் மெதுவாக மடக்கி நீட்டட்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியல். வலிநிவாரணி எழுதியிருந்தால் காலைக்கான வேளையை எழுந்தவுடன் ஏதாவது சாப்பிட்டபின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அது வேலை செய்யும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே கால் இறுகுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. படம் வரையும்போதும் டிவி பார்க்கும்போதும் குப்புறப் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம் அப்படிப் படுத்தாலே இடுப்பும் முழங்காலும் நன்றாக நீளும். பயிற்சி என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஓடிவிடும், அதை விளையாட்டாக மாற்றுங்கள். கணுக்காலுக்குக் கரடி நடை, குதிகால் நடை, நுனிக்கால் நடை. முழங்காலுக்குச் சைக்கிள் மிக நல்லது, இருக்கையைச் சற்று உயர்த்தி வைத்தால் கால் நன்றாக நீளும். நீச்சல் இன்னும் நல்லது, உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, தண்ணீர் சில்லென்று இல்லாமல் இருந்தால் போதும். இரவில் காலை நீட்டி வைக்கும் பட்டையை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கால் முழுக்க நீளாத குழந்தைக்குத்தான் அது தேவைப்படும். அதைக் கடையில் வாங்கிக் கட்டாமல் அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

பலரும் எதிர்பார்க்காத இன்னொன்று: நோயுள்ள கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடலாம். முழங்காலுக்குப் பக்கத்தில்தான் எலும்பு வளரும் பகுதிகள் இருக்கின்றன. அழற்சியால் அங்கே இரத்த ஓட்டம் கூடும்போது சின்னக் குழந்தைகளில் அந்தப் பக்க எலும்பு வேகமாக வளர்கிறது. நிற்கும்போது இரண்டு காலையும் சமப்படுத்த, நீளமான காலை அவள் மடக்கி வைப்பாள். மடங்கிய முழங்கால் இன்னும் இறுகும். வருடத்துக்கு ஓரிரு முறையாவது கால் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் குறிப்பிடும்படி இருந்தால் குட்டையான பக்கச் செருப்புக்குள் ஒரு தடிமனான அடித்தட்டு போதும். அழற்சியைச் சீக்கிரம் அடக்கினால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. அதேபோல வாயை அகலத் திறக்கிறாளா, ஒரே பக்கம் மெல்லுகிறாளா என்றும் பாருங்கள். தாடை மூட்டில் வரும் அழற்சி சத்தமில்லாமல் வந்து தாடை வளர்ச்சியைக் குறைத்துவிடும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி, அளவைத் தவிர்த்து, பராமரிப்பு சார்ந்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன். இது வாரத்துக்கு ஒரு முறைதான். தினமும் கொடுத்துவிடுவது உயிருக்கே ஆபத்தான தவறு. உலகம் முழுக்க மருத்துவமனைகள் இதை எச்சரிக்கின்றன. ஒரே கிழமையை வைத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் வட்டமிடுங்கள், கொடுத்ததும் அடித்துவிடுங்கள், வீட்டில் ஒருவர் மட்டுமே கொடுக்கட்டும். ஒரு வாரம் தவறிவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம், ஃபோன் செய்து கேளுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், அதனால் நாலாவது வாரத்தில் ‘இது வேலைக்காகாது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குமட்டல்தான் குழந்தைகளை அதிகம் வாட்டும். கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் அதையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். விடுமுறைக்கு முந்தைய இரவு கொடுத்தால் பெரும்பாலான குமட்டலைத் தூங்கிக் கழித்துவிடலாம். மருந்து மஞ்சள் நிறம் என்பதால் சில குழந்தைகளுக்கு மஞ்சளாக எதைப் பார்த்தாலும் குமட்ட ஆரம்பித்துவிடும். இது பிடிவாதம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம். ஆழமாக வேரூன்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையோ ஊசி வடிவமோ கொடுத்துப் பார்ப்பார்கள். இரத்த எண்ணிக்கைக்கும் கல்லீரலுக்குமான பரிசோதனையை, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி யாரும் இருந்தால் அவர் இந்த மருந்தைத் தொடக்கூடாது. வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், குறிப்பாக கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை இதோடு சேர்க்கக்கூடாது. இது போதாமல் போனால் அடாலிமுமாப், எடனெர்செப்ட், டோசிலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் உண்டு, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளை மட்டும் தடுப்பவை. சில குழந்தைகளுக்கு அவை உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள்.

தடுப்பூசிகளில் உயிரற்ற வகை எல்லாம் போடலாம், போடவும் வேண்டும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள வகைகளை மட்டும் உங்கள் மூட்டுநோய் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

ஊசி விஷயத்தில் ஒரே ஒரு விதி: ‘வலிக்காது’ என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு முறை ஏமாற்றினால் அடுத்த வருடம் முழுக்க அதற்கு விலை கொடுப்பீர்கள். ‘கொஞ்சம் குத்தும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்’ என்று சொல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவலாமா என்று கேளுங்கள். எந்தத் தொடை, எந்தப் பாட்டு, யார் எண்ணுவது என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும். ஊசி போடுவதா வேண்டாமா என்பதைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள், அந்தப் பேரம் முடியவே முடியாது. அவளுடைய படுக்கையில் வைத்து ஊசி போட வேண்டாம், அது தூங்கும் இடமாகவே இருக்கட்டும்.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர், ஒட்டிக்கொள்ளாது என்பது, காலையில் மெதுவாக நடப்பாள் ஆனால் மதியம் ஓடுவாள் என்பது, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க விட வேண்டும் என்பது, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்க வேண்டாம், சோர்ந்தால் அவளே உட்காருவாள் என்பது. இவ்வளவு போதும். விளையாட்டு நேரத்தில் வகுப்பறைக்குள் தனியாக உட்கார வைக்கப்படும் குழந்தைக்கு மூட்டைவிட மனம்தான் அதிகம் கெடுகிறது என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. ‘ஏன் நொண்டுகிறாய்?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல அவளுக்கே ஒரு வரியைப் பழக்கிவிடுங்கள். ‘என் முட்டி காலையில் லேட்டாக எழுந்திருக்கும்’ என்று ஒரு குழந்தை சொன்னது, அதோடு கேள்வி நின்றுவிட்டது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. உணவுதான் முதலில் வரும், எல்லோரும் கேட்பதும் அதுதான். இந்த நோயைக் குணப்படுத்தும் உணவுமுறை என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. பால், கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் வளரும் குழந்தைக்குச் சத்து குறையும், எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் அவசியம். மீன் எண்ணெய் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், மருந்துக்குப் பதிலாகாது. குளிர்நாளில் வலி கூடுகிறது என்று பல குடும்பங்கள் சொல்கின்றன, மறுக்க மாட்டேன், ஆனால் குளிரால் நோய் வருவதில்லை. பெயரும் உட்பொருளும் எழுதாத பொடி, உருண்டை எதையும் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் உலோகமும் கலந்திருந்தது பல இடங்களில் பரிசோதனையில் வெளிப்பட்டிருக்கிறது. ‘மூன்றே நாளில் வீக்கம் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். ஏன் வந்தது என்ற கேள்விக்கு மருத்துவத்திடமே முழுப் பதில் இல்லை. பிறவியிலேயே உள்ள ஒரு சாய்வோடு வேறு ஏதோ ஒன்று சேர்ந்து நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டையே தாக்குகிறது. நீங்கள் கர்ப்பத்தில் சாப்பிட்டதோ, அவள் கீழே விழுந்ததோ காரணம் இல்லை. விழுந்த பிறகு வீக்கம் கண்ணில் படுவது அடிக்கடி நடக்கும், அதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கும்.

வளர்ந்தால் சரியாகிவிடுமா என்று யாரும் இப்போதே சொல்லிவிட முடியாது. குறைந்த மூட்டுகளில் வரும் வகையில் பல குழந்தைகளுக்கு நோய் அடங்குகிறது, மருந்தில்லாமலும் இருக்கிறார்கள். சிலருக்கு மற்ற மூட்டுகளுக்குப் பரவுகிறது, சிலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டி வருவதும் சாதாரணம், அதை யாருடைய தோல்வியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் முற்றிலும் அடங்கியபின் எவ்வளவு காலம் மருந்தைத் தொடர்வது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. ‘நன்றாகிவிட்டாள்’ என்று வீட்டிலேயே நிறுத்துவது மட்டும் கூடாது, நன்றாக இருப்பதே மருந்தால்தான் என்று இருக்கலாம். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம், அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாத விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, தொடவே விடாமல் போனால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் சிவந்தாலோ வெளிச்சத்துக்குக் கூசினாலோ அன்றே கண் மருத்துவர். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்று தெரிந்தால், இவளுக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஃபோன் செய்யுங்கள். காய்ச்சல், நிற்காத வாந்தி, வாய் நிறையப் புண், காரணமில்லாத கன்றல், மூச்சுத் திணறல், விடாத வறட்டு இருமல் இவற்றில் எது வந்தாலும் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுப்பதற்கு முன்பு கேட்டுவிட்டுக் கொடுங்கள். நடு இரவில் எழுப்பிவிடும் கடுமையான எலும்பு வலி, எடை குறைவு, வெளிறிப்போவது இந்த நோயின் வழக்கமான போக்கு இல்லை, அதைத் தனியாகச் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கணுக்காலையும் முழங்காலையும் எவ்வளவு நீட்ட முடிகிறது என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட் அளந்திருப்பார். அந்த அளவையும், வகையின் பெயரையும், கண் மருத்துவர் கடைசியாகப் பார்த்த தேதியையும் இங்கே எழுதினால் பயிற்சிகளைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.